மூன்று கல் அடுப்பும் ஒரு பாட்டும்

(நம் ஆலயப் பொன்விழாவை ஒட்டிக் குடும்ப விழாவன்று மாலை, ஆலய முற்றத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை. விழாக் குழுவினரின் விருப்பப்படி இம்மலரில் இடம்பெறுகிறது.)





குடும்ப விழாவுக்கு என்ன தலைப்பில் பேசலாம் என்று விழாக் குழுவினரைக் கேட்டோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, "வாழ்வில் கவிதை என்று பேசுங்கள் சாமி" என்றார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடிஞ்சா வயல், பொழுது சாஞ்சா மாடு. நம்ம வாழ்வுல கவிதைக்கு எங்கே சாமி நேரம்?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. இன்றைய உரையை அந்தப் பெரியவருக்குச் சொல்லும் பதிலாகவே வைத்துக்கொள்வோம்.

கவிதை என்றதும் நமக்கு நினைவு வருவது பள்ளிக்கூடத்து மனப்பாடப் பகுதிதான். அடி பிறழாமல் எழுதினால் மதிப்பெண், பிறழ்ந்தால் பிரம்படி. அதனால் அது படித்தவர்களுடைய சொத்து என்று ஒதுங்கிவிட்டோம். ஆனால் திருவிவிலியத்தைத் திறந்து பாருங்கள். அதன் நடுவே 150 திருப்பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் யாரெல்லாம் வருகிறார்கள்? ஆடு மேய்ப்பவர் வருகிறார். தாயின் மடியில் அமைதியாகக் கிடக்கும் பால்குடி மறந்த குழந்தை வருகிறது. விதையைச் சுமந்துகொண்டு அழுதபடி வயலுக்குப் போகிற உழவர் வருகிறார். உணவுப் பந்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். இவை எல்லாம் நம் தெருவில் நாள்தோறும் நடப்பவை அல்லவா?

நம் ஆண்டவரும் அப்படித்தான் பேசினார். மாவில் கலந்த புளிப்பு, பழைய துணியில் போட்ட ஒட்டு, தொலைந்த ஒற்றைக் காசுக்காக விளக்கேற்றி வீடு முழுவதும் பெருக்கிய பெண். இவற்றையெல்லாம் அவர் எந்தப் பள்ளியில் கற்றார்? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்த வாழ்க்கை, நாசரேத்து ஊரில் ஒரு தச்சர் வீட்டு வாழ்க்கை. அந்த வீட்டின் அடுப்படியும் திண்ணையும்தான் அவருடைய உவமைகளுக்கு விளைநிலம் என்று நாம் எண்ணுவதில் தவறில்லை.

நம் தமிழ்த் திருச்சபைக்கும் இது புதிதல்ல. இத்தாலி நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர், தேம்பாவணி என்னும் பெருங்காப்பியத்தை 1726-ஆம் ஆண்டில் நமக்கு அளித்தார். 3,615 பாடல்கள். அதன் தலைவர் யார்? படை நடத்திய மன்னர் அல்லர். உளி பிடித்த புனித சூசையப்பர். மனைவியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய ஒரு குடும்பத் தலைவரின் வழிநடையை அந்த முனிவர் விரிவாகப் பாடியிருக்கிறார். அவர்கள் எந்த மரத்தடியில் தங்கினார்கள், எங்கே அடுப்பு மூட்டினார்கள் என்று நற்செய்தி ஏடு சொல்லவில்லை. புலவருடைய உள்ளம் அங்கேதான் போய் நின்றது. அதே முனிவர், செந்தமிழில் காப்பியம் பாடியதோடு நிற்கவில்லை. கொடுந்தமிழ் என்று அறிஞர்கள் ஒதுக்கி வைத்த பேச்சுத் தமிழுக்கும் இலத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். பெரும்புலவர் ஒருவர் சாதாரண மக்களின் வாய்ப்பேச்சுக்குக் காது கொடுத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு அது தேவைப்படும்.

இப்போது எங்கள் குடும்பத்தின் வழிநடை ஒன்றைச் சொல்கிறோம்.

1979-ஆம் ஆண்டு. நமக்கு அப்போது பத்து வயது. கடைசித் தங்கைக்குக் கடும் காய்ச்சல் கண்டு பிழைத்த நேரம். பிழைத்தால் குடும்பத்தோடு வண்டி கட்டி வேளாங்கண்ணிக்கு வருவதாக எங்கள் தாயார் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் எங்கள் சிற்றூர். அங்கிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் வாரத்தில், கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்து, ஒரு தவலை, இரண்டு சட்டி, அரிசி மூட்டை, லாந்தர் விளக்கு இவற்றோடு புறப்பட்டோம். பிள்ளைகள் ஐந்து பேர். மாடுகள் இரண்டு: ஒன்று மயிலை, ஒன்று செவலை. கட்டுச்சோறு முதல் நாளோடு தீர்ந்தது. அதன்பிறகு போகிற வழியில் மரத்தடியில் மூன்று கல் வைத்துச் சமையல். வண்டிக்கும் ஊன்றிய கம்புக்கும் இடையே அம்மாவின் பழைய சேலையைக் கட்டினால் அதுவே வீடு.

முதல் இரவு அம்மாபேட்டைப் பக்கம் தங்கினோம். மறுநாள் நண்பகலில் நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பில் குளித்தோம். ஒரு பக்கம் குறுவை பழுத்து நின்றது. இன்னொரு பக்கம் சம்பாவுக்கு நாற்று விட்டிருந்தார்கள். இரண்டாம் இரவு கொரடாச்சேரிக்கு அருகில் இடி மின்னலோடு மழை பிடித்துக்கொண்டது. சேலைக் கூரை ஒரு நொடியில் நனைந்து போயிற்று. நாங்கள் ஐவரும் வண்டிக்கு அடியில் சுருண்டோம். அம்மா தீப்பெட்டியைத் தவலைக்குள் வைத்து மூடினார், காலையில் அடுப்பு எரிய வேண்டுமே என்று. அப்பா? மாடுகள் மிரண்டுவிடக் கூடாது என்று, சாக்கு ஒன்றைத் தலையில் கூம்பாகப் போட்டுக்கொண்டு, இரண்டு மாடுகளுக்கும் நடுவே அவற்றின் கழுத்தைத் தடவியபடி மழை விடும்வரை நின்றார். அப்பா பாட்டுப் பாடி நாம் கேட்டதில்லை. ஆனால் கவிதை என்று யாராவது சொன்னால், மின்னல் வெளிச்சத்தில் தெரிந்த அந்தச் சாக்குக் கூம்புதான் இன்றும் நம் கண்முன் வருகிறது.

மூன்றாம் நாள் செவலை நொண்டத் தொடங்கியது. லாடம் கழன்று குளம்பில் காயம். திருவாரூர் எல்லையில் லாடம் கட்டும் இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் இருந்தார். மாட்டைப் படுக்க வைத்து, காயத்துக்கு மருந்து வைத்து, புது லாடம் அடித்தார். அப்பா காசை நீட்டினார். "எங்கே போறீங்க?" என்று கேட்டார் பெரியவர். "வேளாங்கண்ணிக்கு, பாய்" என்றார் அப்பா. பெரியவர் காசை வாங்கவில்லை. "எம் மக பிள்ளைத்தாச்சியா இருக்கா. அங்கே போயி அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க, போதும்" என்றார்.

எங்கள் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் இரவில், தங்கையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவார். புறப்பட்ட அன்று நாலைந்து அடியாகத் தொடங்கிய பாட்டு அது. போகப்போக நீண்டது. தங்கிய ஊர்கள் எல்லாம் அதற்குள் வந்தன. ஐந்து பிள்ளைகளின் பெயரும் வந்தது. மழை வந்தது, மயிலை வந்தது, செவலையின் காயம் வந்தது. லாடம் கட்டிய அந்தப் பெரியவரின் பெயரும் அவருடைய மகள் பெயரும் வந்தன. எல்லாரையும் ஒருவர் விடாமல் மாதாவின் காலடியில் கொண்டுபோய் வைக்கிற பாட்டு.

வேளாங்கண்ணியில் கடற்கரை ஓரம் கீற்றுக் கொட்டகையில் இடம் கிடைத்தது. இருட்டியதும் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் அடுப்பு நெருப்பு. பக்கத்து அடுப்பில் மலையாளம் பேசினார்கள். அதற்கு அடுத்த அடுப்பில் பேசியது எந்த மொழி என்றே எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் உப்பு கேட்டால் கொடுத்தார்கள். செப்டம்பர் 7-ஆம் நாள் மாலை பெரிய தேர்ப்பவனி, மறுநாள் திருவிழாத் திருப்பலி. அந்தப் பெரியவர் சொன்ன மெழுகுவர்த்தியை அம்மா தம் கையாலேயே ஏற்றினார்.

அந்தத் திருத்தலத்தின் பரம்பரைச் செய்தி உங்கள் எல்லாருக்கும் தெரியும். மாதா யாருக்குக் காட்சி தந்தார்? குளக்கரையில் ஆலமரத்தடியில் இளைப்பாறிய பால்காரச் சிறுவனிடம் தம் குழந்தைக்குப் பால் கேட்டார். பிறகு மோர் விற்ற, நடக்க முடியாத ஏழைச் சிறுவனிடம் மோர் கேட்டார். கேட்டது பாலும் மோரும்! 1962-ஆம் ஆண்டு பேராலயமாக உயர்த்தப்பட்ட அவ்வளவு பெரிய திருத்தலத்தின் வரலாறு, ஒரு பால் செம்பிலும் ஒரு மோர்ப் பானையிலும் தொடங்குகிறது. விண்ணகம் நம் வீட்டுப் பாத்திரங்களை அற்பமாக எண்ணவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இனி நாம் சொல்லப் போவது ஒரு பாவசங்கீர்த்தனம். மக்கள் நம்மிடம் சொல்வது வழக்கம். இன்று நாம் உங்களிடம் சொல்கிறோம்.

சிறிய குருமடத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. யாப்பிலக்கணம் படித்திருந்தோம். அசை, சீர், தளை என்று வாயில் எப்போதும் அதே பேச்சு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, அக்காவின் குழந்தையைத் தொட்டிலில் போட்டு அம்மா அந்த வேளாங்கண்ணிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். நாம் திண்ணையிலிருந்து சிரித்தபடி, "அம்மா, இதில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. தளை தட்டுகிறது. இதெல்லாம் பாட்டே அல்ல" என்றோம். உறவினர்கள் இருந்தார்கள்; அவர்களும் சிரித்தார்கள். அம்மா தொட்டிலை ஆட்டுவதை நிறுத்தவில்லை, பாட்டை நிறுத்தினார். "நீ படிச்ச பிள்ளைய்யா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் நம் காது கேட்க அவர் அந்தப் பாட்டைப் பாடவே இல்லை.

குருப்பட்டம் பெற்றோம். முதல் ஆசீரை அம்மாவுக்கு அளித்தோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பலமுறை எண்ணினோம். அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டோம். 2009-ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்த இரவு, ஐந்து பிள்ளைகளும் உட்கார்ந்து அந்தப் பாட்டைச் சேர்த்துப் பார்க்க முயன்றோம். அக்காவுக்கு மெட்டு நினைவிருந்தது. அண்ணனுக்கு ஊர்ப் பெயர்களில் சில நினைவிருந்தன. முழுமையாகக் கிடைத்தவை இரண்டே அடிகள்:

"செவலைக்குக் கால்வலிச்சா சேலையில கட்டிடுவேன்
மகனுக்குக் கால்வலிச்சா மடியிலதான் கட்டிடுவேன்."

அன்புக்குரியவர்களே, கேட்டீர்களா? செவலைக்குச் சேலை, மகனுக்கு மடி. மோனை இருக்கிறதே! எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் தாயாரின் வாயில் மோனை இருந்தது. இலக்கணம் படித்த நம் காதில்தான் அது விழவில்லை.

கம்பரைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று சொல்வார்கள். ஏற்றம் இறைப்பவர் ஒருவர் பாடிய பாட்டு, பொழுது முடிந்ததால் பாதியில் நின்றுவிட்டதாம். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் அந்த ஏற்றக்காரர் வந்து பாடி முடிக்கும்வரை அவர் காத்திருந்தாராம். அந்தக் கவிச்சக்கரவர்த்தி ஒரு உழைப்பாளியின் பாட்டுக்காகக் காத்திருந்தார். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழுக்குக் காது கொடுத்தார். நாமோ பெற்ற தாயின் பாட்டை ஒரு நிமிடத்தில் சிரித்து நிறுத்தினோம். லாடம் கட்டிய அந்தப் பெரியவரின் பெயரும் அவர் மகள் பெயரும் அந்தப் பாட்டோடு போய்விட்டன. அந்த மகளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்றா என்பதும் தெரியாது. திருப்பலியில் அவர்களை நினைக்கும்போதெல்லாம், பெயர் சொல்ல முடியாமல், "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்றுதான் மன்றாடுகிறோம்.

இதை ஏன் சொல்கிறோம்? கவிதைக்கு நேரம் எங்கே என்று கேட்டாரே அந்தப் பெரியவர், அவருக்குப் பதில் இதுதான். கவிதை செய்யத் தனி நேரம் வேண்டியதில்லை. வேலையோடு வேலையாக நம் வீட்டில் அது நடந்துகொண்டேயிருக்கிறது. வேண்டியதெல்லாம் அதைக் கேட்கிற காது.

அந்தக் காது எப்போது திறக்கும்? வீட்டை விட்டுச் சற்று வெளியே போய், எல்லாரும் ஒரே கூரைக்கடியில், குறைந்த பொருளோடு இருக்கும்போது திறக்கும். பழைய ஏற்பாட்டில் ஆண்டவர் இஸ்ராயேல் மக்களுக்குக் கூடாரத் திருவிழாவை ஏற்படுத்தினார். ஆண்டுக்கு ஏழு நாள் இலைதழைகளாலான குடிலில் தங்க வேண்டும். ஏன்? பாலைநிலத்தில் கூடாரங்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதற்காக. கல் வீடு கட்டியபின் குடில் வாழ்வு மறந்துபோகும் என்று ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது. வார்த்தையானவர் மனிதராகி நம்மோடு தங்கியதைச் சொல்லும் இடத்தில் அருளப்பர் நற்செய்தியின் கிரேக்கச் சொல், கூடாரம் அடித்துத் தங்குவதைக் குறிக்கும் சொல் என்று குருமடத்தில் கற்றோம். அன்று அது தேர்வுக்கான பாடம். கொரடாச்சேரி மழையில் சேலைக் கூரையின் கீழ் இருந்ததை நினைத்துக்கொண்டால்தான் அதன் பொருள் நெஞ்சில் படுகிறது.

இன்று நம் குடும்பங்கள் வேளாங்கண்ணிக்கு வேனில் போகின்றன. இரவில் ஏறினால் விடியலில் பூசை, மதியம் வீடு. அதைக் குறை சொல்லவில்லை. வேலை, பள்ளிக்கூடம், வயதானவர்களின் உடல்நிலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் அந்த வேனுக்குள் என்ன நடக்கிறது? அவரவர் கையில் அவரவர் கைபேசி. பத்துப் பேர் போகிறோம். பத்துத் தனி ஆட்களாகத் திரும்பி வருகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையாவது, ஓர் இரவாவது, குடும்பமாக எங்கேனும் தங்குங்கள். திருத்தலமாக இருக்கட்டும், ஆற்றங்கரையாக இருக்கட்டும், உங்கள் வீட்டு மொட்டை மாடியாகவே இருக்கட்டும். அப்பா அடுப்பு மூட்டட்டும், பிள்ளைகள் தண்ணீர் கொண்டு வரட்டும். சோறு சற்றுக் குழைந்தால் குழையட்டும். சாப்பிட்டபின் பெரியவர்கள் பேசட்டும், மற்றவர்கள் கேளுங்கள். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏட்டில் சொன்னது. திருச்சபை என்றால் அதற்கும் ஒரு பாட்டு வேண்டாமா?

இறுதியாக ஒரு நற்செய்தி. சில மாதங்களுக்கு முன் இதே கருத்தை ஞாயிறு மறையுரையில் சொன்னோம். நம் கீழத்தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நடவுப் பாட்டில் பெயர் பெற்றவர். இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. "வேலையே போச்சு, பாட்டு எதுக்குய்யா?" என்று வாயை மூடிக்கொண்டவர் அவர். மறையுரை கேட்ட அவருடைய பேரன், கைபேசியைப் பக்கத்தில் வைத்து, விடாமல் கேட்டுக் கேட்டுப் பதினோரு பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டான். அதில் பத்து நடவுப் பாட்டு. பதினொன்றாவது என்ன தெரியுமா? ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நம் ஆலயம் எழும்பியபோது, ஆற்று மணலைக் கூடையில் சுமந்து வந்த பெண்கள் பாடிய பாட்டு! முன்னால் போனவர் யார், கால் இடறி விழுந்தவர் யார், விழுந்தவரின் கூடையையும் சேர்த்துச் சுமந்தவர் யார் என்று வரிசையாகப் பதினான்கு பெண்களின் பெயர் அதில் வருகிறது. நம் ஆலயத்தின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தோம். சிமெண்டு எத்தனை மூட்டை, மரம் என்ன விலை எல்லாம் இருக்கிறது. அந்தப் பதினான்கு பெயர்கள் இல்லை. ஒரு நடவுக்காரப் பாட்டியின் தொண்டைக்குள் அவை ஐம்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்திருக்கின்றன. அந்தப் பதினான்கு பேரில் இன்று நம்மோடு இருப்பவர்கள் மூவர். மூவரும் இதோ இங்கே முன்னால் அமர்ந்திருக்கிறார்கள்.

உரை முடிந்ததும் நம் இளைஞர்கள் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். பாட்டியும் கூடப் பாடுவதாகச் சொல்லியிருக்கிறார். மெட்டுத் தவறினால் யாரும் சிரிக்க வேண்டாம். ஏன் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். இன்று வீட்டுக்குப் போனபின், உங்கள் தாயார் உயிரோடு இருந்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேளுங்கள். நாளைக்கு என்று தள்ளி வைக்காதீர்கள்.

நாசரேத்துக் குடும்பத்தில் வாழ்ந்த நம் ஆண்டவர், உங்கள் அடுப்பையும் திண்ணையையும் வழிப்பயணங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆலமரத்தடியில் பால் கேட்ட அன்னை உங்கள் வீட்டுக்கும் வருவாராக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் ஆசீர் உங்கள்மேல் இறங்கி என்றும் நிலைப்பதாக. ஆமென்.